கை தாங்கும் வரை எண்ணுவது: பழங்காலச் சமையல் வகுப்புகளும் பயண நட்பும்

செங்கல் அடுப்பின் சூடு ரொட்டிக்குப் பதமாக இருக்கிறதா என்று அறிய, அதன் வாய்க்குள் வெறுங்கையை நீட்டிக்கொண்டு எண்ண வேண்டும். அமெரிக்காவின் வடகிழக்கில், 1830களின் சமையலைக் கற்றுத்தரும் ஒரு பண்ணைவீட்டு வகுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்தது இதைத்தான். ஆறு பேர் இருந்தோம். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. இரண்டு மணி நேரம் விறகெரித்து, கங்குகளை வாரி வெளியே தள்ளி, அடுப்பின் தரையைச் சாம்பல் போகத் துடைத்த பிறகு ஒவ்வொருவராகக் கையை நீட்டினோம். நான் தமிழில் எண்ணினேன். பன்னிரண்டில் கையை இழுத்துக்கொண்டேன். ஸ்காட்லாந்திலிருந்து வந்திருந்த ஒரு செவிலியர் இருபத்தைந்து வரை போனார். ஓய்வுபெற்ற கொல்லர் ஒருவர் நாற்பதிலும் கையை எடுக்கவில்லை. பழைய சமையல் புத்தகம் ஓர் எண்ணைச் சொல்கிறது. ஆனால் அது யார் கைக்கு, எவ்வளவு வேகமாக எண்ணினால்? அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். அந்தப் பேச்சு முடியும்போது ஆறு பேரும் அந்நியர்கள் இல்லை.

பயணம் போகிற ஊரில் சமையல் வகுப்பில் சேர்வது இப்போது பரவலான பழக்கம். சியாங் மாயில் தாய்க் கறி, பொலோன்யாவில் பாஸ்தா, கொச்சியில் மீன் மோலி என்று அரை நாள் வகுப்புகள் எங்கும் இருக்கின்றன. நான் இங்கே பேச எடுத்துக்கொள்வது அதன் சிறு கிளை ஒன்றை. மறைந்துபோன அல்லது அருகிவிட்ட சமையலை, அதன் பழைய அடுப்போடும் கருவிகளோடும் கற்றுத்தரும் வகுப்புகளை. பத்தாண்டுகளாகப் பயணங்களை அவற்றைச் சுற்றியே அமைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கேள்விகள் தொடர்ந்து என்னோடு வருகின்றன. அங்கே கற்பது உண்மையில் வரலாறுதானா? அங்கே கிடைப்பது உண்மையில் நட்புதானா? இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது என்றுதான் இப்போது நினைக்கிறேன்: வேலையில். பழைய அடுப்படி பல கைகளை நம்பி அமைந்தது. அந்த வேலையை முழுசாக நம் கையில் கொடுக்கும் வகுப்பு வரலாற்றையும் தருகிறது, மனிதர்களையும் தருகிறது. காய் நறுக்கி, மாவு அளந்து, கிண்ணம் கிண்ணமாக அடுக்கிவைத்துவிட்டு நம்மைக் கிளறச் சொல்லும் வகுப்பு இரண்டையும் தருவதில்லை.

இங்கிலாந்திலிருந்து தொடங்கலாம். இத்துறையின் நவீன வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. கம்பிரியா மாவட்டத்தின் ஷாப் என்ற சிற்றூரில், பதினேழாம் நூற்றாண்டுப் பண்ணைவீடு ஒன்றில், உணவு வரலாற்றாளர் ஐவன் டே பல ஆண்டுகள் வகுப்புகள் நடத்தினார். பழைய கணப்படுப்பு, சுழல்கம்பி, அதைச் சுழற்றும் பொறி, செதுக்கிய மர அச்சுகள் எல்லாம் அவர் தேடிச் சேர்த்தவை. மேசைக்கு வந்த உணவைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டிருந்த துறையை அடுப்பின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவர்களில் அவர் முக்கியமானவர். அவர் வலியுறுத்திய செய்தி ஒன்று எளிமையானது, ஆனால் நம் புரிதலையே மாற்றிவிடுவது. இன்று ஆங்கிலேயர் 'ரோஸ்ட்' என்று சொல்லி அடுப்புப் பெட்டிக்குள் வைத்து எடுப்பது உண்மையில் 'பேக்' செய்வதுதான். பழைய முறையில் இறைச்சி நெருப்புக்கு மேலே இல்லை, முன்னால் இருக்கும். கம்பியில் கோத்து, எரியும் கணப்பின் முகத்தில், திறந்த காற்றில், நிறுத்தாமல் சுழற்ற வேண்டும். சொட்டும் கொழுப்பு நெருப்பில் விழாது, கீழே வைத்த தட்டில் விழும். அதை அள்ளி மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதில் 'நிறுத்தாமல்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. சுழற்ற ஒருவர், கொழுப்பு ஊற்ற ஒருவர், விறகு தள்ள ஒருவர். லண்டனுக்கு அருகிலுள்ள ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் எட்டாம் ஹென்றியின் சமையற்கூடங்கள் இன்றும் நிற்கின்றன. குறைந்தது 400 பேருக்கு ஒரு நாளில் இருமுறை உணவு தருவதற்காகக் கட்டியவை அவை. அங்கே பெருங்கணப்பை மூட்டி இறைச்சி சுழற்றிக் காட்டுகிறார்கள். அதன் முன் பத்து நிமிடம் நின்றால் முகம் வெந்துபோகிறது. 1526இல் அரசர் பிறப்பித்த எல்தம் கட்டளைகளில், அடுப்படிப் பையன்கள் அம்மணமாகவோ அழுக்குக் கந்தலோடோ வேலை செய்யக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. எதற்காக அப்படி ஒரு விதி என்று அந்த வெக்கையில் நின்றவர்களுக்குப் புரியும். பிறகு பையன்களின் இடத்துக்கு நாய்கள் வந்தன. சுவரில் பொருத்திய சக்கரத்துக்குள் ஓடிக் கம்பியைச் சுழற்றுவதற்கென்றே குட்டைக்கால் நாய் இனம் ஒன்றை வளர்த்தார்கள். அதற்குப் பின் எடைக்கல்லால் ஓடும் பொறிகள் வந்தன.

இங்கிலாந்து வகுப்பு ஒன்றில் எனக்குத் தனிப்பட்ட நிறைவு தந்த வேலையையும் சொல்ல வேண்டும். ஹன்னா கிளாஸ் 1747இல் வெளியிட்ட சமையல் நூலில் 'இந்திய முறையில் கறி' செய்யும் குறிப்பு இருக்கிறது. முதல் பதிப்பில் அதற்கு மிளகாயும் இல்லை, மஞ்சளும் இல்லை. மிளகும் கொத்தமல்லி விதையும்தான். கொத்தமல்லியை எதில் வறுப்பது என்பதற்கு அந்த அம்மையார் சொல்வது: கழுவிய நெருப்புச் சட்டுவத்தில், அதாவது கரி அள்ளும் கரண்டியில். நாங்கள் அப்படியே செய்தோம். நீளக் கைப்பிடியை இருவர் பிடித்துக்கொள்ள, தணலுக்கு மேல் விதைகள் வெடித்து மணம் எழுந்தது. அந்த மணத்துக்கு நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் சாம்பார்ப்பொடி வறுக்கும் நாளின் மணம் அது. 'கறி' என்ற சொல்லே எங்கள் மொழியிலிருந்து போனது என்று சொன்னபோது, கைப்பிடியின் மறுமுனையைப் பிடித்திருந்தவர், அப்படியானால் இதற்குச் சரியான சுவை எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். எனக்கும் தெரியாது. மிளகாய் போர்த்துகீசியரோடு பதினாறாம் நூற்றாண்டில் இங்கே வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய கறியை என் பாட்டியும் சுவைத்ததில்லை. மிளகைப் போலக் காரமான காய் என்பதால் மிளகாய் என்று பெயர் வைத்தோம் என்பதை மட்டும் சொல்ல முடிந்தது.

யாருக்கும் தெரியாது என்பது இந்த வகுப்புகளின் பெரிய வரம். பொலோன்யாவில் பாஸ்தா கற்றுத்தரும் அம்மாவுக்குப் பதில் தெரியும், நமக்குத் தெரியாது. அவர் வீட்டுக்காரர், நாம் காசு கொடுத்த விருந்தாளி. பழங்காலச் சமையலில் ஆசிரியரும் அந்த வீட்டில் பிறந்தவர் இல்லை. அவரும் ஒரு பழைய ஏட்டின் முன் குழம்பி நிற்பவர்தான். இங்கிலாந்தின் இரண்டாம் ரிச்சர்டின் தலைமைச் சமையற்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த சுருளில் ஏறத்தாழ 200 குறிப்புகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் அளவு கிடையாது, நேரம் கிடையாது. இத்தாலியின் பதினைந்தாம் நூற்றாண்டுச் சமையற்காரர் மார்த்தீனோ, வேகும் நேரத்தை ஜெபத்தால் அளக்கிறார். பரமண்டல ஜெபத்தை இத்தனை தடவை சொல்லும் நேரம் என்பார். கடிகாரம் இல்லாத அடுப்படியில் எல்லாருக்கும் பொதுவாகத் தெரிந்த கால அளவு அதுதான். 'மூன்று விசில் விட்டு இறக்கு' என்று நாம் எழுதிவைப்பதை ஐந்நூறு ஆண்டு கழித்துப் படிப்பவர்களும் இப்படித்தான் கூடி உட்கார்ந்து யோசிப்பார்கள்.

அமெரிக்காவுக்கு வருகிறேன். மாசசூசெட்ஸில் 1946இல் திறந்த ஓல்ட் ஸ்டர்பிரிட்ஜ் வில்லேஜ் என்ற வாழும் அருங்காட்சியகம், 1830களின் நியூ இங்கிலாந்துக் கிராமத்தை மறுபடி நிறுத்திக்காட்டுகிறது. அதன் குளிர்கால மாலைகளில், முன்பின் தெரியாத சிலர் சேர்ந்து கணப்படுப்பில் முழு விருந்தையும் சமைத்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் நிகழ்ச்சி பெயர்பெற்றது. அந்தக் காலச் சமையலில் அடுப்பு ஒன்றல்ல. பெருநெருப்பிலிருந்து தணலை இழுத்து, கணப்பின் முன்தரையில் சிறு சிறு குவியல்களாக்கி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு முக்காலியை வைத்தால் ஒவ்வொன்றும் ஓர் அடுப்பு. இரும்புச் சட்டியின் மூடி மேலும் தணல் போட்டு, கீழும் மேலும் சூடு கொடுக்கலாம். நம் ஊரில் வெதுப்படுப்பு இல்லாத வீடுகளில் மூடிமேல் கங்கு போட்டுப் பணியாரமும் கேக்கும் சுட்டவர்களுக்கு இது புதிதில்லை. செங்கல் அடுப்புக்கோ அதற்கே உரிய ஒழுங்கு இருக்கிறது. முழுச்சூட்டில் ரொட்டி, சூடு தணியத் தணிய பழப் பணியாரங்கள், கடைசி இளஞ்சூட்டில் பாலும் முட்டையும் சேர்ந்தவை. ஒரு தடவை மூட்டிய நெருப்பு இரவு வரை வேலை செய்யும்.

அதே நாட்டின் தென்பகுதியில் இதே கணப்புக்கு வேறு கதை இருக்கிறது. அதைச் சொல்லாத வகுப்பை நான் மதிப்பதில்லை. வர்ஜீனியாவின் பெரிய வீடுகளில் அந்தச் சட்டிகளைத் தூக்கியவர்கள் அடிமைகள். தாமஸ் ஜெஃபர்சன் 1784இல் தன்னோடு பாரிஸுக்கு அழைத்துப்போய்ப் பிரெஞ்சுச் சமையல் பழக்கிய ஜேம்ஸ் ஹெமிங்ஸ் அவருடைய உடைமையாகக் கணக்கில் இருந்தவர். தன் தம்பிக்கு அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த பிறகே 1796இல் விடுதலை பெற்றார். ஜார்ஜ் வாஷிங்டனின் சமையற்காரர் ஹெர்குலிஸ், 1797இல் எஜமானரின் பிறந்தநாளன்று தப்பிப்போனார். இந்த வரலாற்றைக் கையால் உணரவைத்தவர் எழுத்தாளரும் சமையல் வரலாற்றாளருமான மைக்கேல் ட்விட்டி. தன் முன்னோர் அடிமைகளாக இருந்த தோட்டங்களின் சமையற்கூடங்களிலேயே, அக்கால உடையில், அவர்கள் சமைத்ததைச் சமைத்துக் காட்டுகிறார். அவருடைய 2017ஆம் ஆண்டு நூல், உணவை வழியாகக் கொண்டு தன் வம்சத்தைத் தேடிப்போவது. அப்படியான அடுப்பின் முன் நின்று வெண்டைக்காய்க் குழம்பைக் கிளறும்போது, பக்கத்தில் நிற்பவரோடு பேசும் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வெண்டையும் காராமணியும் எப்படி வந்தன என்பதில் தொடங்கினால், உன் வீட்டில் யார் சமைத்தார்கள், என் வீட்டில் யார் சமைத்தார்கள் என்பதில் வந்து நிற்கிறது. பயணத்தில் அந்நியர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள வாய்ப்பு அதிகம் இல்லை.

இத்தாலியை விரைவாகக் கடக்கலாம். அங்கே 'ரோமானியச் சமையல்' என்று விற்பதில் பாதி வெறும் உடைமாற்று விளையாட்டு. மீதிப் பாதிக்காகப் போகலாம். அப்பிசியஸ் பெயரில் வழங்கும் லத்தீன் சமையல் தொகுப்பில் பெரும்பாலான குறிப்புகளில் மிளகு இருக்கிறது. அது நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் மிளகு. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனிகேயில், ஒரு கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியத் தாழியில் 7.5 கிலோ மிளகை அகழ்வாளர்கள் கண்டெடுத்தார்கள். அந்த வணிகத்தின் இந்த முனை முசிறி. ரோமானியர் உயிராய் மதித்த சில்ஃபியம் என்ற வாசனைச் செடி, அளவில்லாமல் பறித்ததால் அழிந்துபோனது. அதற்குப் பதிலாக அவர்கள் பாரசீகத்திலிருந்து வாங்கியது பெருங்காயம். மீனும் உப்பும் ஊறி வடியும் 'காரம்' (garum) என்ற சாறு இல்லாமல் அவர்கள் சமையல் இல்லை. ஆங்கிலேய ஆய்வாளர் சாலி கிரெய்ங்கர் அதைத் தானே ஊறவைத்துச் சோதித்து எழுதியவர். அமால்ஃபிக் கரையின் செத்தாரா என்ற மீனவ ஊரில், நெத்திலியை உப்போடு மரப்பீப்பாயில் அடுக்கி வடிக்கும் சாறு இன்றும் இருக்கிறது. அதை நாக்கில் வைத்தபோது கூட வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். கருவாட்டுக்குழம்பில் வளர்ந்த எனக்கு அது உறவுக்காரர் வீட்டு மணம். மிளகு, பெருங்காயம், மீனுப்பு: ரோமானிய வகுப்பில் தமிழர் ஒருவர் இருந்தால் அடுத்தவர்களுக்குச் சொல்ல அவரிடம் நிறைய இருக்கும். ஹெர்குலேனியத்தில் எரிமலைச் சாம்பலுக்குள் கருகிக் கிடைத்த ரொட்டி ஒன்றில், கெலேர் என்ற அடிமையின் பெயர் முத்திரையாக இருக்கிறது. அந்த ரொட்டியைப் பார்த்தபின் ரோம் எனக்குப் பேரரசர்களின் ஊராகத் தோன்றவில்லை.

என் அனுபவத்தில் வரலாறு மிக ஆழமாகக் கைக்குள் இறங்கிய இடம் மெக்சிகோவின் ஓஹாக்கா. அங்கே ஏடு வேண்டியதில்லை. சமையல் மறைந்துபோகவே இல்லை. சபோடெக் கிராமங்களின் வீடுகளில் பெண்கள் பயணிகளுக்குக் கற்றுத்தருவது, ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்தே தொடர்ந்து வரும் வேலை. முதல்நாள் மாலையில் தொடங்குகிறது. உலர்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த நீரில், கிலோவுக்குப் பத்து கிராம் அளவில், கொதிக்கவைத்து இரவு முழுக்க ஊறவிடுவார்கள். காலையில் பாத்திரத்தைத் திறந்தால் மழை நனைத்த வெள்ளையடித்த சுவரின் வாசம் வரும். கையால் கசக்கிக் கழுவினால் தோல் வழுக்கிக்கொண்டு போகும். இந்த ஒரு செயலில் இருக்கும் அறிவை எண்ணி நான் வியந்து முடியவில்லை. சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தைச் சுண்ணாம்பு அவிழ்த்துவிடுகிறது. ஐரோப்பியர் சோளத்தை எடுத்துப்போனார்கள். இந்த முறையை எடுத்துப்போகவில்லை. வட இத்தாலியிலும், பின்னர் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும், சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகள் பெலக்ரா நோயில் தோல் வெடித்து, புத்தி கலங்கி மாண்டார்கள். தானியம் பயணம் போனது. அதைச் சமைத்த பெண்ணிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

கழுவிய சோளத்தை அரைப்பது மெடாட்டேயில். மூன்று கால் வைத்த, முன்பக்கம் சரிந்த எரிமலைக் கல். அதன்மேல் இரு கையாலும் பிடித்து உருட்டும் நீள்குழவி. பார்த்தவுடன் அம்மி என்றுதான் வாயில் வந்தது. நம் அம்மி சமதளம். அவர்கள் மண்டியிட்டு, உடம்பின் பாரம் முழுவதையும் தோள் வழியே குழவிக்கு இறக்குகிறார்கள். நான் குழவியைப் பிடித்ததும் அந்த வீட்டம்மா என் மணிக்கட்டைப் பார்த்தார், தன் மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவருக்கு சபோடெக்கும் கொஞ்சம் ஸ்பானிஷும். எனக்கு இரண்டும் இல்லை. மணப்பெண்ணுக்குப் பூ வரைந்த மெடாட்டே சீராகக் கொடுப்பது அந்தப் பள்ளத்தாக்கின் வழக்கம் என்பதை அங்கே மாட்டியிருந்த கல்யாணப் படத்தைக் காட்டி அவர் புரியவைத்தார். எங்கள் கல்யாணத்தில் பெண் அம்மியை மிதிப்பாள் என்பதை நான் எழுந்து கால் வைத்துக் காட்டினேன். அரைமணியில் என் முழங்காலும் இடுப்பும் விட்டுப்போயின. சிரியாவின் அபு ஹுரேரா என்ற கற்கால ஊரில் தோண்டியெடுத்த பெண்களின் எலும்புகளில், முழங்காலும் கால் பெருவிரலும் கீழ்முதுகும் தேய்ந்து உருமாறியிருந்தன. நாள்தோறும் மணிக்கணக்கில் மண்டியிட்டுத் தானியம் அரைத்ததன் தடயம் அது என்பது ஆய்வாளர்கள் முடிவு. அதைப் படித்தது எப்போதோ. புரிந்தது அந்த முற்றத்தில்.

2010இல் யுனெஸ்கோ மெக்சிகோவின் மரபுச் சமையலை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது. அதற்குப் பின் பெருகிய வகுப்புகளில் பல, கடையில் வாங்கிய அரைத்த மாவை வைத்துத் தொடங்குகின்றன. மெடாட்டே ஓரத்தில் படம் எடுக்க மட்டும். அப்படியான ஒன்றுக்கும் போயிருக்கிறேன். பன்னிரண்டு பேர், இரண்டு மணி நேரம், சுவையான சாப்பாடு. ஒருவர் முகமும் நினைவில் இல்லை.

முதல் கேள்வியை இப்போது நேராகப் பார்க்கலாம். இது வரலாறுதானா? முழுமையாக இல்லை, இருக்கவும் முடியாது. அன்றைய கோதுமை வேறு, கோழி வேறு, ஆட்டின் கொழுப்பு வேறு. யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பாபிலோனியக் களிமண் பலகைகள் கி.மு. 1730 வாக்கில் எழுதியவை. உலகின் மிகப் பழைய சமையல் குறிப்புகளில் அவை சேரும். அவற்றின் சில பொருட்பெயர்களுக்கு இது எந்தச் செடி என்று அறிஞர்களே தயங்குகிறார்கள். 1226இல் பாக்தாதில் எழுதிய சமையல் நூலை எத்தனை கவனமாகப் பின்பற்றினாலும், நம் நாக்கு தக்காளிக்கும் மிளகாய்க்கும் பழகிய நாக்கு. சுவையை மீட்டெடுத்துவிட்டோம் என்று உரிமை கொண்டாடும் வகுப்பை நம்ப வேண்டாம். மீட்க முடிவது வேறு: கையசைவு, வெக்கை, காத்திருப்பு, புகை, தோள்வலி, ஒருவர் விட்டால் இன்னொருவர் பிடிக்க வேண்டிய கட்டாயம். நெருப்பு எரியும் முறை மாறவில்லை. கல்லின் எடை மாறவில்லை. அந்த அளவுக்கு அது வரலாறு, புத்தகம் தராத வரலாறு.

நட்புதானா என்ற இரண்டாவது கேள்விக்கு ஆய்வுகளிலும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது. கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் ஓரளவு நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பராக 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்திருக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டார். அந்தக் கணக்கில் நான்கு மணி நேர வகுப்பு எங்கே நிற்கும்? ஆனால் சேர்ந்திருப்பதன் தரமும் உண்டு. கேட்லின் வூலியும் ஆய்லெட் ஃபிஷ்பாக்கும் 2019இல் வெளியிட்ட சோதனையில், தின்பண்டத்தை ஒரே கிண்ணத்திலிருந்து எடுத்துத் தின்ற அந்நியர்கள், தனித்தனிக் கிண்ணத்தில் தின்றவர்களைவிடக் குறைந்த சுற்றுகளில், 13க்குப் பதில் 9 சுற்றில், பேரத்தை முடித்துக்கொண்டார்கள். ஒரே கிண்ணத்தில் கை வைக்கும்போது அடுத்தவர் கையைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. சுழல்கம்பியின் முன், அம்மியின் முன், தணல் சட்டியின் முன் அந்தக் கவனிப்பு பல மடங்கு வேண்டும். தவறினால் அவருக்குச் சுடும். நட்பு முழுமையாக அங்கே விளையும் என்று நான் சொல்லவில்லை. விதை அங்கே ஊறுகிறது. மூன்று நாள் தங்கிக் கற்கும் வகுப்புகளில் என் அனுபவத்தில் அது முளைத்தும் விடுகிறது. பாத்திரம் கழுவும் நேரத்தை வகுப்பிலிருந்து நீக்காத இடங்களில் இன்னும் நிச்சயமாக. மனதில் உள்ளதை மனிதர்கள் சொல்வது பாத்திரம் கழுவும்போதுதான்.

தமிழ் வாசகரோடு இதைப் பேசும்போது ஒன்றை விட்டுவிட முடியாது. ஆற்றுப்படை நூல்களில் வழிநடக்கும் பாணர்களுக்கு எயினரும் ஆயரும் உழவரும் பரதவரும் தத்தம் உணவைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அயலாருக்குச் சோறிடும் பெருமை நமக்கு நெடியது. ஆனால் அயலாரை அடுக்களைக்குள் விடுவது வேறு. கூடத்தில் இலை போடுவோம், கைகழுவத் தண்ணீர் தருவோம், அடுப்படி வாசலில் நிறுத்திவிடுவோம். உறவென்றால் உள்ளே வரலாம். யார் உள்ளே வரலாம், யார் தொட்ட குடத்து நீரைப் புழங்கலாம் என்பதைப் பல வீடுகளில் சாதி தீர்மானித்தது. இன்றும் தீர்மானிக்கிற வீடுகள் உண்டு. சேரன்மாதேவி குருகுலத்தில் மாணவர்களுக்குத் தனித்தனிப் பந்தி என்ற செய்தி 1920களில் தமிழ்நாட்டு அரசியலையே உலுக்கியது. சேர்ந்து உண்பதற்கே அவ்வளவு போராட்டம் வேண்டியிருந்தது என்றால், சேர்ந்து சமைப்பது இன்னும் உள்ளே போகிற செயல். முன்பின் தெரியாதவர் எடுத்துக் கொடுத்த மாவை நான் பிசைந்து, நான் பிசைந்ததை அவர் சுட்டு, ஒரே மேசையில் தின்றபோதெல்லாம் என் பாட்டி வீட்டு அடுக்களை நிலைப்படி என் கண்முன் வந்தது.

நம் ஊரில் இப்படிப்பட்ட வகுப்பு ஏன் பெருகவில்லை? காரைக்குடியில் செட்டிநாட்டு வீட்டு விடுதியான பங்களாவில் பயணிகள் சமையல் கற்கலாம். நகரத்தார் பர்மாவோடு கொண்ட வணிகம் கவுனி அரிசியாக இன்றும் அங்கே பரிமாறப்படுகிறது. ஒரு கரண்டி கவுனியரிசிப் பொங்கலை வைத்தே கடல்வணிக வரலாற்றை நடத்திவிடலாம். தஞ்சை சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்த சரபேந்திர பாக சாஸ்திரம், மராட்டிய அரண்மனை அடுப்படியின் குறிப்புகளைத் தருகிறது. கல்யாணியை ஆண்ட மூன்றாம் சோமேசுவரனின் பன்னிரண்டாம் நூற்றாண்டு மானசோல்லாசத்தில் இட்லிக்கும் தோசைக்கும் முன்னோடியான பண்டங்கள் இருக்கின்றன. மிளகாய் இல்லாத, தக்காளி இல்லாத, உளுந்தை ஆட்டுக்கல்லில் கையால் ஆட்டிய ஒரு நாள் சமையலை, தஞ்சையில் விறகடுப்பு வைத்து எட்டுப் பேருக்குக் கற்றுத்தர ஏட்டுக்கும் பஞ்சமில்லை, கல்லுக்கும் பஞ்சமில்லை. ஆட்டுக்கல்லில் கை வைத்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர்களையே ஆசிரியர்களாக வைத்து, அவர்களுக்கு நியாயமான ஊதியம் கொடுத்து நடத்தலாம். இதைச் செய்ய இன்னும் அதிகக் காலம் இல்லை என்பதுதான் எனக்குத் துயரம்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்பவை சில. எத்தனை பேர் என்று கேட்பேன்; எட்டுக்கு மேல் போனால் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். எந்த ஏட்டிலிருந்து சமைக்கிறீர்கள், மூலத்தை எங்களுக்கும் காட்டுவீர்களா என்று கேட்பேன். மூலத்தைக் காட்டத் தயங்கினால் அது கதை. நெருப்பை யார் மூட்டுவது என்று கேட்பேன். 'நீங்கள் வரும்போது எல்லாம் தயாராக இருக்கும்' என்பது அவர்களுக்கு விருந்தோம்பல், எனக்கு இழப்பு. அந்த வீட்டில் முன்பு சமைத்தவர்கள் யார் என்று கேட்பேன். இந்தக் கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வருகிற இடத்துக்குக் கடன் வாங்கியாவது போகலாம்.

அடுப்புக்குள் இருபத்தைந்து வரை எண்ணிய அந்தச் செவிலியர் ஏழு ஆண்டுகளாக எனக்கு எழுதுகிறார். இடையில் ஒரு தடவை ஓஹாக்காவுக்குச் சேர்ந்து போனோம். போன மாதம் வத்தக்குழம்பு செய்முறை கேட்டார். அம்மாவைக் கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே மொழிபெயர்த்து அனுப்பினேன்: எலுமிச்சங்காய் அளவு புளி. இரண்டு நாளில் பதில் வந்தது. எங்கள் ஊர் எலுமிச்சையா, உங்கள் ஊர் எலுமிச்சையா என்று கேட்டிருந்தார். அவர்கள் ஊர் எலுமிச்சை நம்முடையதைப் போல மூன்று மடங்கு இருக்கும். காய்கறிக் கடையில் எலுமிச்சை வாங்கிவந்து, பக்கத்தில் புளியை உருட்டிவைத்துப் பார்த்து, பிறகு தராசில் வைத்தேன். 32 கிராம். அதை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா பின்னாலிருந்து பார்த்தார். "புதுப் புளியா பழைய புளியான்னு கேட்டியா? பழசுன்னா அவ்வளவு வேண்டாம்" என்றார். அதையும் கேட்டு எழுதினேன்.